பருக்குழி, மங்கு, வேண்டாத முடி: எந்தச் சிக்கலுக்கு எந்த லேசர்?

முகத்துக்கு லேசர் செய்துகொள்ளலாமா என்று கேட்பது, மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்பதைப் போன்றது. எந்தச் சிக்கலுக்கு, எந்த மாத்திரை, யாருடைய உடம்புக்கு என்ற மூன்றும் தெரியாமல் விடை சொல்ல முடியாது. தோலின் மேலடுக்கையே ஆவியாக்கி எடுத்துவிடும் கருவிக்கும், மேற்பரப்பில் ஒரு கீறலும் விழாமல் உள்ளே மட்டும் சூடேற்றும் கருவிக்கும், மயிர்க்கால்களை மட்டும் குறிவைக்கும் கருவிக்கும் லேசர் என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது. ஒன்றைச் செய்துகொண்டால் இரண்டு வாரம் வெளியே தலைகாட்ட முடியாது. இன்னொன்றைக் காலையில் முடித்துக்கொண்டு மதியமே வேலைக்குப் போகலாம். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பவர்களுக்காக, குறிப்பாக மாநிறமோ கருநிறமோ கொண்ட தோலுள்ளவர்களுக்காக, இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். நானும் ஒரு காலத்தில் இந்தக் கேள்வியோடு சில மாதங்கள் அலைந்தவள் என்பதால், ஓரிடத்தில் என் கதையும் வரும்.

லேசரின் வேலையை ஒரே வரியில் சொல்வதானால், குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியைத் தோலில் உள்ள ஏதோ ஒரு பொருள் உறிஞ்சிக்கொண்டு சூடாகிறது. அந்தப் பொருள் தண்ணீராக இருக்கலாம், இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினாக இருக்கலாம், அல்லது தோலுக்கு நிறம் தரும் மெலனினாக இருக்கலாம். ஒளித்துடிப்பை மிகக் குறுகியதாக வைத்தால், இலக்கான பொருளின் சூடு அக்கம்பக்கத்துத் திசுவுக்குப் பரவுவதற்குள் துடிப்பு முடிந்துவிடும் என்று ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983-இல் விளக்கினார்கள். இன்றைய அழகியல் லேசர்களில் பெரும்பாலானவை அந்தக் கொள்கையின் மேல் நிற்பவை. சிக்கலும் அங்கேயேதான் இருக்கிறது. கரும்புள்ளியில் உள்ள மெலனினுக்கும், அதைச் சுற்றியுள்ள நல்ல தோலில் உள்ள மெலனினுக்கும் வேறுபாடு பார்க்க ஒளிக்குத் தெரியாது. வெயிலில் தோல் சிவக்குமா, கருக்குமா என்பதை வைத்துத் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் தொடங்கிவைத்த வகைப்பாடு இன்று ஆறு வகைகளாக வழங்குகிறது. அதில் நான்கு முதல் ஆறு வரை வருபவர்களுக்குத் தீக்காயத்தின் ஆபத்தும், சிகிச்சைக்குப் பின் தோல் கருத்துப்போகும் ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம்.

பருக்குழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் தேர்வுகள் மிகுதியாக இருப்பதும், ஏமாற்றம் மிகுதியாக நேர்வதும் இதில்தான். மருத்துவரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மேசை விளக்கைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத குழிகளெல்லாம் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். பிறகு இரண்டு விரல்களால் தோலை மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுத்தவுடன் மறைந்துவிடுபவை பெரும்பாலும் அலைவடிவக் குழிகள். அவற்றை அடியிலிருந்து நார்த்திசு கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். இழுத்தும் மறையாமல், செங்குத்தான ஓரங்களுடன் பெட்டிபோல் நிற்பவை இன்னொரு வகை. ஊசியால் குத்தியதுபோல் வாய் குறுகி ஆழம் மிகுந்து இருப்பவை மூன்றாவது வகை. பலருடைய கன்னத்தில் மூன்றும் கலந்தே இருக்கும்.

இந்த வகைகளைப் பிரித்துப் பார்க்காமல் லேசரை மட்டும் பரிந்துரைக்கும் இடத்தில் நான் எச்சரிக்கையாக இருப்பேன். ஊசிமுனைக் குழியின் அடி வரை எந்த மேற்பரப்பு லேசரும் எளிதில் எட்டாது. அடர்த்தி மிகுந்த டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தை ஒரு குச்சியின் நுனியால் குழிக்குள் மட்டும் வைத்து எடுப்பதோ, குழியையே சிறு துளைக்கருவியால் வெட்டியெடுத்துத் தைப்பதோ அதற்குப் பொருத்தமான வழிகள். அலைவடிவக் குழிகளுக்கு, தோலுக்கடியில் ஊசியைச் செலுத்தி நார்த்திசுவை அறுத்துவிடும் சப்சிஷன் என்ற சிறு அறுவை முறை, லேசருக்கு முன்பாகவே செய்யப்பட வேண்டியது. கயிறு கட்டி இழுத்துப் பிடித்திருக்கும் பந்தலை மேலிருந்து எவ்வளவு தட்டினாலும் அது நிமிராது அல்லவா?

லேசர் பொருந்தும் குழிகள் என்று முடிவான பின் வரும் தேர்வுகளில் மிகக் கடுமையானது, முழு முகத்தையும் கார்பன் டைஆக்சைடு லேசரால் உரித்தெடுப்பது. 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்த ஒளியைத் தோலிலுள்ள தண்ணீர் உறிஞ்சிக்கொள்ள, மேல்தோல் முழுவதும் ஆவியாகிறது. அதற்கடியில் தங்கும் சூடு, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனில் பழையதைச் சுருக்கிப் புதிய கொலாஜன் வளரத் தூண்டுகிறது. புதுத் தோல் மூடுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரமும், சிவப்பு தணிவதற்குப் பல மாதங்களும் ஆகலாம். பலனும் பெரிதுதான். ஆனால் சிலருக்கு ஆறு மாதம், ஓராண்டு கழித்து, எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்திருக்கும்போது, உரித்த இடம் நிரந்தரமாக வெளுத்துப்போவதுண்டு. மாநிறத் தோலுக்கு இது ஏற்றதன்று என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இந்த ஆபத்தைக் குறைப்பதற்காகவே பின்னமுறை லேசர், அதாவது ஃபிராக்‌ஷனல் முறை, 2004-இல் அறிமுகமானது. ஒளிக்கற்றையை ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகளாகப் பிரித்துச் சல்லடை போல் தோலைத் துளைப்பதும், துளைகளுக்கு நடுவே நல்ல தோலை அப்படியே விட்டுவைப்பதும் அதன் சூட்சுமம். காயம்படாத தோல் பக்கத்திலேயே இருப்பதால் ஆறுதல் விரைவாகிறது. பின்னமுறைக் கார்பன் டைஆக்சைடு லேசரில் ஐந்து முதல் ஏழு நாட்கள் முகம் சிவந்து, வீங்கி, பொருக்குத் தட்டி இருக்கும். 2,940 நானோமீட்டர் எர்பியம் யாக் லேசரின் ஒளியைத் தண்ணீர் இன்னும் பத்து மடங்குக்கு மேல் உறிஞ்சுவதால், அது மிக மெல்லிய அடுக்கைத் துல்லியமாகச் சீவிவிட்டு, சுற்றுப்புறத்தில் குறைவான சூட்டையே விட்டுச் செல்கிறது. அதனால் ஆறுவதும் சற்று விரைவு. ஆனால் கொலாஜனை இறுக்கும் வலிமையும் சற்றுக் குறைவு, சிறு இரத்தப் புள்ளிகள் கசிவதும் கூடுதல்.

மூன்றாவது தேர்வு, மேல்தோலை உரிக்காத பின்னமுறை. 1,550 நானோமீட்டர் ஒளி மேற்பரப்பை உடைக்காமல் உள்ளே நுண்தூண்களாகச் சூடேற்றுகிறது. இரண்டு, மூன்று நாள் சிவப்பும் வீக்கமும், அதன்பின் சில நாள் மணல் ஒட்டியதுபோன்ற சொரசொரப்பும், அவ்வளவுதான். பலனும் அதற்கேற்றாற்போல் மெதுவாகவே வரும். மாத இடைவெளியில் நான்கைந்து அமர்வுகளாவது தேவைப்படும். நான்காவது தேர்வு லேசரே அல்லாதது: நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீடிலிங், அல்லது ஊசி நுனி வழியாக ரேடியோ அலை மின்சாரத்தைச் செலுத்தி உள்ளே சூடேற்றும் முறை. இரண்டிலும் ஒளியே இல்லை, ஆகவே மெலனின் உறிஞ்சிச் சூடாகும் பேச்சுக்கே இடமில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். தண்ணீரைக் குறிவைக்கும் லேசருக்குத் தோலின் நிறம் பொருட்டில்லை, ஆகவே எந்த நிறத்தவருக்கும் அது பாதுகாப்பானது என்று சிலர் விளக்குகிறார்கள். ஒளி மெலனினைத் தொடாமல் இருக்கலாம்; ஆனால் ஏற்பட்ட காயத்தின் அழற்சியே நிறமிச் செல்களைக் கிளறிவிடும். பருவைக் கிள்ளினாலோ கொசு கடித்தாலோ அந்த இடம் மாதக்கணக்கில் கருத்து நிற்கிறதே, அதே வேலைதான் முகம் முழுவதும் நடக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் கன்னக் குழிகளுக்குப் பின்னமுறைக் கார்பன் டைஆக்சைடு லேசர் என்று முடிவாகியிருந்த நேரத்தில், நிதானமான ஒரு மருத்துவர், முதலில் காதுக்குக் கீழே தாடை மறைவில் நகமளவு இடத்தில் செய்து பார்ப்போம் என்றார். ஒரு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பான புதுத் தோல் வந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான்காவது வாரத்தில் அந்த நகமளவு இடத்தில் கோலப்புள்ளி வைத்ததுபோல் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள் எழுந்தன. அவை மங்கி மறைய ஏறத்தாழ ஐந்து மாதம் பிடித்தது. முழுக் கன்னத்தில் செய்திருந்தால் அந்த ஐந்து மாதத்தை எப்படிக் கழித்திருப்பேன் என்று இன்றும் நினைப்பதுண்டு. சோதனைப் புள்ளி வைக்கச் சொன்னால் பலர் நேர விரயம் என்று முகம் சுளிக்கிறார்கள். கருத்துப்போவது மூன்று, நான்கு வாரம் கழித்தே வெளிப்படும் என்பதால், ஒரு வாரத்தில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லும் சோதனையாலும் பயனில்லை.

சிகிச்சையின்போது என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போவதற்கான களிம்பை முகத்தில் பூசி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வைப்பார்கள். லிடோகெய்ன் கலந்த அந்தக் களிம்பைப் பெரிய பரப்பில் அளவுக்கு மேல் பூசினால் இரத்தத்தில் கலந்து தீங்கு செய்யும். ஆகவே வீட்டிலேயே தாராளமாகப் பூசிக்கொண்டு வருவது கூடாது. பிறகு கண்ணை மூடியபடி உலோகக் கவசமோ, அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியோ வைக்கப்படும். இது மறந்தாலும் பரவாயில்லை என்ற வகையைச் சேர்ந்ததன்று. தவறான அலைநீளத்துக்கான கண்ணாடியும் கண்ணாடி இல்லாததும் ஒன்றே. ஒவ்வொரு துடிப்பும் ரப்பர் பட்டையை இழுத்துவிட்டதுபோல் சுள்ளென்று விழும். கார்பன் டைஆக்சைடு லேசரில் சுட்ட தோலின் வாடை வரும், புகையை உறிஞ்சும் குழாய் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வலியைவிட, முடிந்தபின் இரண்டு, மூன்று மணி நேரம் நீடிக்கும் காந்தலே எனக்கு நினைவில் நிற்கிறது. மறுநாள் காலையில் கண்கள் பாதி மூடிய அளவுக்கு வீக்கம் வரலாம், அது அச்சப்படத்தக்கதன்று. ஒரே இடத்தில் வலி கூடிக்கொண்டே போவதும், சீழ் கட்டுவதும், சிறு கொப்புளங்கள் கொத்தாக எழுவதும்தான் உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அறிகுறிகள். உதட்டோரத்தில் அவ்வப்போது அக்கி போன்ற கொப்புளம் வருபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உரித்த தோலில் அந்த ஹெர்பிஸ் வைரஸ் பரவினால் தழும்பில் கொண்டுபோய் விடும் என்பதால், அதற்கான மருந்தைச் சிகிச்சைக்கு முன்பே தொடங்குவார்கள்.

பலன் எவ்வளவு என்ற கேள்விக்கு என் விடை பலருக்குப் பிடிக்காது. கொலாஜன் மறுகட்டமைப்பு மூன்று முதல் ஆறு மாதம் வரை மெல்ல நடக்கிறது. பல அமர்வுகள் முடிந்து அந்தக் காலமும் கடந்தபின் குழிகளின் ஆழம் பாதியாகக் குறைந்தால் அது நல்ல பலன். வழவழப்பான தோல் கிடைக்கும் என்று வாக்குறுதி தருபவர், உங்கள் கன்னத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

நிறத்திட்டுகளுக்கு வருவோம். இதில் முதல் வேலை, முகத்தில் இருப்பது எது என்று கண்டறிவதே. வெயிலால் வரும், ஓரம் தெளிவான பழுப்புப் புள்ளிகளுக்கு மிகக் குறுகிய துடிப்பாக ஒளியைச் செலுத்தும் 532 நானோமீட்டர் கியூ ஸ்விட்ச் லேசரோ, இன்னும் குறுகிய துடிப்புள்ள பிக்கோ லேசரோ நன்றாக வேலை செய்கிறது. புள்ளி முதலில் வெளுத்து, பின் கருத்துப் பொருக்காகி, ஒரு வாரம் பத்து நாளில் உதிர்கிறது. கருநிறத் தோலில் 532 நானோமீட்டர் ஒளியை மேல்தோலின் மெலனினே பெருமளவு உறிஞ்சிவிடும் என்பதால் அங்கே தயக்கம் தேவை. இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் படர்ந்து, ஓரம் மங்கலாக இருப்பது மங்கு. அதன் கதை வேறு.

மங்குக்கு லேசரை முதல் தேர்வாக வைப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. மங்கு என்பது தேங்கி நிற்கும் கறை அன்று. ஹார்மோன், வெயில், சூடு, கண்ணுக்குத் தெரியும் ஒளி ஆகியவற்றால் ஓயாமல் தூண்டப்பட்டு நிறமியைச் சுரந்துகொண்டே இருக்கும் நிலை. குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதால் என்ன பயன்? வாரம் ஒரு முறை 1,064 நானோமீட்டர் ஒளியைக் குறைந்த ஆற்றலில் செலுத்தும் லேசர் டோனிங் முறையில் முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று ஆவது உண்மைதான். நிறுத்தியபின் மங்கு திரும்பி வருவதும், சில வேளை முன்பைவிடக் கருமையாக வருவதும் அதே அளவு உண்மை. அமர்வுகள் கூடிக்கொண்டே போனால், அரிசிமணி சிதறியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றலாம். அவற்றைச் சரிசெய்வது மங்கைச் சரிசெய்வதைவிடக் கடினம். ஒப்பிட்டுப் பார்த்தால், மருத்துவர் கண்காணிப்பில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஹைட்ரோகுயினோன், டிரெடினாயின், மென்மையான ஸ்டீராய்டு சேர்ந்த களிம்பும், அதன்பின் அசிலாயிக் அமிலமும் மெதுவான வழியானாலும் இடர் குறைந்த வழி. டிரானெக்சமிக் அமில மாத்திரை சிலருக்கு நன்றாக உதவுகிறது. ஆனால் நாளத்துக்குள் இரத்தம் உறைந்து கட்டியாகும் கோளாறு தமக்கோ குடும்பத்திலோ இருந்ததா என்று கேட்காமல் அதை யாரும் எழுதித் தரக் கூடாது. சாதாரணச் சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரை மட்டுமே தடுக்கும். மங்கைத் தூண்டும் கட்புலனாகும் ஒளியைத் தடுக்க, இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்துச் சாயமுள்ள சன்ஸ்கிரீன் வேண்டும். இந்த ஒரு மாற்றம் எத்தனையோ லேசர் அமர்வுகளை மிச்சப்படுத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எந்தப் புள்ளியையும் லேசரால் அழிப்பதற்கு முன் அது என்னவென்று தோல் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். நிறம் கலந்து, ஓரம் கோணலாகி, அண்மையில் வளர்ந்திருக்கும் மச்சத்தை லேசரில் சுட்டுவிட்டால், பரிசோதனைக்கு எடுக்க வேண்டிய திசு போய்விடும். அது புற்றுநோயாக இருந்தால் அடியில் வளர்வது தெரியாமலே போகும்.

முடி நீக்கத்தில் தேர்வு ஒப்பளவில் எளிது. 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட், 800-ஐ ஒட்டிய டயோடு, 1,064 நானோமீட்டர் என்டி யாக் ஆகிய மூன்றில், அலைநீளம் கூடக்கூட மேல்தோலின் மெலனின் உறிஞ்சுவது குறைகிறது. ஆகவே கருநிறத் தோலுக்கு மூன்றாவதே பாதுகாப்பானது, வலி சற்றுக் கூடுதலானாலும். ஐபிஎல் என்பது லேசரன்று, பல அலைநீளங்கள் கலந்த ஒளிவீச்சு; கருநிறத் தோலில் அதைக் கவனமின்றிப் பயன்படுத்தினால், கருவியின் ஒளிச்சன்னல் எந்த வடிவமோ அதே செவ்வக வடிவில் தீக்காயம் விழும். வளர்நிலையில் உள்ள முடியை மட்டுமே ஒளி அழிக்கும் என்பதால் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு, எட்டு அமர்வுகள் ஆகும். இடையில் சவரம் செய்யலாம். வேரோடு பிடுங்குவதும் மெழுகு போடுவதும் கூடாது, இலக்கே போய்விடும். நரைமுடிக்கு இது வேலை செய்யாது. நிரந்தர நீக்கம் என்று விளம்பரம் சொன்னாலும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஏற்றுக்கொண்ட சொல் நிரந்தரக் குறைப்பு என்பதே. தாடையில் முடி வளரும் பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருந்தால், அதற்குரிய சிகிச்சை இல்லாமல் லேசரால் மட்டும் வரும் பலன் நிலைக்காது. சிலருக்கு இந்தச் சிகிச்சைக்குப் பின் முகத்திலும் கழுத்திலும் பூனைமுடி தடித்து வளர்வதும் உண்டு. சிவந்த இரத்த நாளங்களுக்கு 595 நானோமீட்டர் சாய லேசர் இருக்கிறது. ஊதா நிறக் கன்றல் இரண்டு வாரம் நிற்கலாம் என்பதைத் தவிர அதில் பெரிய குழப்பம் இல்லை.

தள்ளிப்போட வேண்டியவர்களும் உண்டு. அண்மையில் வெயிலில் கருத்தவர்கள், கர்ப்பிணிகள், கெலாய்டு எனும் தடித்த தழும்பு வளரும் உடம்புவாகு கொண்டவர்கள், தோலில் பரு இன்னும் கொழுந்துவிட்டு எரிபவர்கள் காத்திருப்பதே நல்லது. கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோடிரெடினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆறு மாதம் எந்த லேசரையும் நினைக்கக் கூடாது என்று முன்பு பொதுவாகச் சொல்லி வந்தார்கள். முடி நீக்கத்துக்கும் மேல்தோலை உரிக்காத முறைகளுக்கும் அந்தத் தடைக்குப் போதிய சான்றில்லை என்று அமெரிக்கத் தோல் அறுவை மருத்துவர் சங்கத்தின் 2017-ஆம் ஆண்டுக் கருத்தொருமைப்பாடு கூறியது. முழுமையாக உரிக்கும் முறைகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது கருவியின் விலையையோ தலைமுறையையோ அல்ல. கைப்பிடியைப் பிடிக்கப்போவது நீங்களா, உதவியாளரா என்று கேட்கலாம். என் நிறத்தை ஒத்த தோலில் நீங்கள் செய்த சிகிச்சையின் படங்களை, ஆறு மாதம் கழித்து எடுத்தவையாகக் காட்டுங்கள் என்று கேட்கலாம். முன் படத்தில் பக்கவாட்டு வெளிச்சமும், பின் படத்தில் நேர் வெளிச்சமும் இருந்தால் எழுந்து வந்துவிடலாம். கருத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, அப்படியெல்லாம் ஆகாது என்று பதில் வந்தாலும் அப்படியே.

என் விஷயத்தில், சோதனைப் புள்ளி கற்றுத்தந்த பிறகு, அலைவடிவக் குழிகளுக்குச் சப்சிஷனும், அதன்பின் மாத இடைவெளியில் நான்கு முறை மேல்தோலை உரிக்காத பின்னமுறை லேசரும் செய்துகொண்டேன். ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் இடக் கன்னத்தில் மூன்று ஊசிமுனைக் குழிகள் இன்றும் தெரிகின்றன. அமிலம் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னார், வேண்டாமென்று விட்டுவிட்டேன்.